தண்டையார்பேட்டையிலிருந்து தூத்துக்குடி: விமானமா, முத்துநகரா?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையம் வரை வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 530 கிலோமீட்டர். டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. ரயிலில் போனால் சுமார் 650 கிலோமீட்டர், 11 மணி நேரம். சாலை வழி 600 கிலோமீட்டரைத் தாண்டும், 10 முதல் 12 மணி நேரம் ஆகும். இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை, விமானம்தான் என்று தோன்றும். ஆனால் இவை எல்லாம் நிலையத்திலிருந்து நிலையத்துக்குப் போட்ட கணக்கு. நாம் கிளம்புவது வீட்டிலிருந்து. அந்த வீடு தண்டையார்பேட்டையிலோ, காசிமேட்டிலோ, திருவொற்றியூரிலோ இருந்தால் கணக்கு நிறையவே மாறிவிடுகிறது.

வடசென்னையில் தூத்துக்குடி, திருச்செந்தூர், நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் குறைவில்லை. மளிகை, பாத்திரம், இரும்பு என்று வியாபாரத்துக்கு வந்தவர்கள், துறைமுக வேலைக்கு வந்தவர்கள், கடல் தொழிலோடு வந்தவர்கள் என்று பல தலைமுறையாக இங்கேயே இருக்கிறார்கள். ஆனாலும் ஊர் விட்டுப்போகவில்லை. கோயில் கொடை, ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழா, கல்யாணம், சாவு, பத்திரப் பதிவு என்று ஏதாவது ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். 2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புதிய முனையம் திறந்த பிறகு, "இனிமே பிளைட்லயே போயிடலாமே" என்ற பேச்சு வீடுகளில் அதிகமாகக் காதில் விழுகிறது. ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர்தான் இருந்தது. இப்போது 3,115 மீட்டர். பெரிய விமானமும் இறங்கலாம். நல்ல விஷயம், ஊருக்கு வேண்டிய விஷயம். ஆனால் எப்போது விமானத்துக்குப் பணம் கட்டுவது, எப்போது ராத்திரி ரயிலான முத்துநகர் எக்ஸ்பிரஸே போதும் என்பதை நிதானமாக யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அந்த ஒன்றரை மணி எங்கே போகிறது

530 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரமா, ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்குமே என்று சிலர் கேட்பதுண்டு. இந்தத் தடத்தில் வழக்கமாக ஓடுவது ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம். எழுபது சொச்சம் இருக்கை, இரண்டு பக்கமும் சுழலும் விசிறி இருக்கும். முழு வேகத்தில் அது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் 830 வரை போகும். ஆனால் 530 கிலோமீட்டர் தூரத்தில் அந்த வித்தியாசம் முழுசாகக் கைக்கு வராது. மேலே ஏறவும் கீழே இறங்கவுமே பாதி வழி போய்விடும், முழு வேகத்தில் பறக்க மிச்சம் இருக்கும் தூரம் கொஞ்சம்தான்.

இன்னொன்று, டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, கிளம்பிய திசையிலிருந்து தெற்கே திரும்புவது எல்லாம் அதற்குள் அடக்கம். விமானம் நேர்கோட்டிலும் பறப்பதில்லை, அதற்கென்று வகுத்த வான்வழிகளில்தான் போக வேண்டும். அதனால் 530 கிலோமீட்டர் என்பதைக் குறைந்தபட்சத் தூரமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை மணியைப் பயணத்தின் நடுத்துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நடுத்துண்டுக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு முன்னால் இருக்கும் துண்டுதான் பெரிது.

மீனம்பாக்கம் நமக்கு எவ்வளவு தூரம்

மேற்கு மாம்பலத்தில் இருப்பவருக்கு விமான நிலையம் பக்கத்து ஊர் மாதிரி. நமக்கு நகரத்தை மேலிருந்து கீழ்வரை முழுசாகக் கடக்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து சாலை வழியாக 25 கிலோமீட்டருக்கு மேல். பகலில் கண்டெய்னர் லாரிகளோடு எண்ணூர் நெடுஞ்சாலையில் மாட்டினால், பிறகு அண்ணா சாலையில் மாட்டினால், இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

இந்த நிலைமையை மெட்ரோ மாற்றியது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீலத்தடத்தை நீட்டிய பிறகு, திருவொற்றியூர், காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என எந்த நிலையத்தில் ஏறினாலும் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். பயணம் ஒரு மணி நேரம் வாக்கில். கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. வடசென்னைக்கு வந்த பொதுப் போக்குவரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எந்தப் பகல் விமானமாக இருந்தாலும் காரை மறந்துவிட்டு மெட்ரோவில் போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது "பிளைட்டைப் பிடிப்போமா" என்று வயிற்றைப் பிசையும் அந்த ஒரு மணி நேரம் இதில் கிடையாது.

ஒரு குறை உண்டு. முதல் மெட்ரோ காலை 5 மணிக்குத்தான். அதில் ஏறினால் விமான நிலையம் சேர 6 மணி ஆகும். உள்நாட்டு விமானத்துக்குச் செக்-இன் கவுன்டரை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பெட்டி போட வேண்டியிருந்தால், பாதுகாப்புச் சோதனை வரிசையையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரமாவது முன்னால் அங்கே இருக்க வேண்டும். ஆக, ஏழரைக்கு முன்னால் கிளம்பும் எந்த விமானமும் மெட்ரோவுக்குச் சரிப்படாது. ராத்திரி மூன்று, நான்கு மணிக்குக் கார் பிடிக்க வேண்டும், அந்தச் செலவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டிக்கெட் விலை குறைவாக இருக்கிறதே என்று விடிகாலை விமானத்தை எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு டி1, டி4 என்று இரண்டு முனையங்கள் இருப்பதையும் கவனியுங்கள். எது என்று டிக்கெட்டில் இருக்கும்.

இப்போது வீட்டிலிருந்து வீடு வரை கூட்டிப் பார்ப்போம். காலை 10 மணிக்கு ஒரு விமானம் என்று வைத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டை வீட்டை விட்டு 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். எட்டேகால், எட்டரைக்கு விமான நிலையம். 10 மணிக்குக் கிளம்பி பதினொன்றரைக்கு வாகைக்குளம். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர இருபது நிமிடம். வாகைக்குளம் திருநெல்வேலி சாலையில் ஊருக்கு வெளியே 15 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. கார் பேசி ஊருக்குள் வந்து சேர பன்னிரண்டரை ஆகிவிடும். மொத்தம் ஐந்தரை மணி நேரம். ஐந்தரையில் ஒன்றரைதான் விமானம். இந்த மொத்தமும் பகலில், விழித்துக்கொண்டு, எங்கேயாவது வரிசையில் நின்றோ உட்கார்ந்தோ கழிக்கும் நேரம்.

ராத்திரி ரயில்

முத்துநகர் எக்ஸ்பிரஸ் எக்மோரிலிருந்து இரவு ஏழரை மணி வாக்கில் கிளம்பி, காலை ஆறரை வாக்கில் தூத்துக்குடி சேரும். விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, வாஞ்சி மணியாச்சி என்று தென்தமிழ்நாட்டை ஒரே இரவில் கடந்துவிடுகிறது. ராயபுரத்திலிருந்து எக்மோர் ஐந்தாறு கிலோமீட்டர்தான். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே எக்மோர். திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து தாம்பரம் வண்டி ஏறியும் வரலாம். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும், நிதானமாகப் போகலாம்.

மொத்தம் பதின்மூன்று மணி நேரம். விமானத்தின் ஐந்தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் இங்கேதான் நான் கணக்கை வேறு மாதிரி போடுவேன். மொத்த மணி நேரத்தை விட்டுவிட்டு, இந்தப் பயணம் எத்தனை பகல் மணி நேரத்தைத் தின்கிறது என்று கேளுங்கள். ரயில் ஒன்றைக்கூடத் தின்பதில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவந்த இட்லியைச் செங்கல்பட்டு தாண்டியதும் பிரித்துச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்தால் கோவில்பட்டியில் விழிப்பு வரும். ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் குளித்துவிட்டு உட்காரலாம்.

இதையே ஒரு வேலை நாளோடு வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வேலை முடிகிறது. ஐந்தரைக்கு வீடு, ஏழரைக்கு ரயில், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊர். விமானம் என்றால் வேலையை முடித்துவிட்டு ஓடி அன்றைக்கே பிடிப்பதற்கு நம் பக்கத்திலிருந்து நேரம் போதாது. சனிக்கிழமை காலை விமானம்தான், ஊர் சேர மதியம். வேகமான வண்டி ஐந்து மணி நேரம் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விடிகாலை விமானத்தில் போனால் ரயிலோடு ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேரலாம், ஆனால் அதற்கு ராத்திரித் தூக்கம் முழுசையும் கொடுக்க வேண்டும். கிலோமீட்டரையும் பறக்கும் நேரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இது கண்ணுக்கே தெரியாது.

திரும்பி வரும்போது வடசென்னைக்காரர்களுக்கு ஒரு சின்ன அனுகூலமும் உண்டு. தாம்பரத்தில் இறங்குகிறவர்கள் இருட்டோடு எழுந்து பெட்டி இறக்குவார்கள். நமக்குக் கடைசி நிறுத்தம் எக்மோர். ஊர் தாண்டிப் போய்விடுவோமோ என்ற பயமில்லாமல் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். அங்கிருந்து நேரே வேலைக்குப் போகிறவர்களும் நிறைய.

எக்மோரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில தென்மாவட்ட ரயில்களை அவ்வப்போது தாம்பரத்திலிருந்து இயக்குகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெட்டிகளோடு எக்மோர் போய் நின்று, பிறகு தாம்பரத்துக்கு ஓட முடியாது.

இதைச் சொல்லும்போது மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பியது நம் ராயபுரத்திலிருந்துதான். அந்த நிலையம் இன்னும் அழகாக நிற்கிறது. அதை நெடுந்தூர ரயில்களுக்கான முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. ஆனால் எல்லாம் தெற்கேதான் நகர்ந்துகொண்டே போகிறது. சென்னையின் மூன்றாவது ரயில் முனையம் தாம்பரத்துக்குப் போயிற்று. வெளியூர்ப் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போயிற்று. இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022இல் அறிவித்த இடம் காஞ்சிபுரம் பக்கத்தில் பரந்தூர். அங்கே ஏகனாபுரம் மக்கள் நிலத்துக்காகப் போராடுவது தனிக்கதை. நம் பக்கத்துப் பயணியைப் பொறுத்தவரை, தென்மாவட்ட விமானங்களும் என்றாவது அங்கே மாறினால் இப்போதைய ஐந்தரை மணி நேரக் கணக்கும் நிற்காது. ராயபுரத்திலிருந்து ஒரே ஒரு தெற்கு ரயில் கிளம்பினாலும் லட்சக்கணக்கான பேருக்கு உதவும். இதைக் கேட்பது நமக்கு உரிமை என்றே நினைக்கிறேன்.

எப்போது விமானம்தான்

ரயிலை இவ்வளவு சொன்னதால் விமானத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். மூன்று சமயங்களில் யோசிக்காமல் விமானத்தை எடுங்கள் என்பேன்.

முதலாவது, சாவுச் செய்தி. நடுராத்திரியில் போன் வருகிறது. முத்துநகர் போய்விட்டது, அடுத்தது மறுநாள் இரவு. தட்கல் என்பது பயண நாளுக்கு முந்தின நாள், ஏசிக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறப்பது, இதற்கு உதவாது. மீதி இருப்பது இரண்டே வழி. உடனே கார் எடுத்தால் காலை பத்து, பதினொன்றுக்குப் போய்ச் சேரலாம். காலை விமானத்தில் இடம் கிடைத்தால் அதைவிட முன்னதாகவே போகலாம், வழியில் கொஞ்சம் அழுது ஓயவும் நேரம் கிடைக்கும். தூக்கம் கெட்ட டிரைவரையும் துக்கத்தில் இருக்கும் குடும்பத்தையும் ஒரே காரில் 600 கிலோமீட்டர் ராத்திரியில் அனுப்ப எனக்கு மனசு வராது. செய்தி வந்ததும் முதலில் விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் இடமில்லை என்றால் மகனையோ மகளையோ மட்டும் விமானத்தில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் விடிந்தபின் காரில் போகலாம். அடக்கத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்று அங்கே காத்திருக்கிறவர்களுக்கும் ஒரு தெளிவான நேரம் சொல்ல முடியும்.

இரண்டாவது, முட்டி வலி உள்ள பெரியவர்கள். இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், "பாட்டிக்கு ரயில்தானே பழக்கம்" என்பார்கள். ஆனால் ரயிலில் பெரியவர்களுக்குக் கஷ்டம் படிக்கட்டிலும் கழிவறையிலும்தான். ஓடுகிற வண்டியில் ராத்திரி மூன்று தடவை எழுந்து நடக்க வேண்டியிருந்தால் அந்தப் பதினோரு மணி நேரம் அவர்களுக்கு நரகம். விமானத்தில் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிட்டால், வாசலிலிருந்து விமானம் வரை தள்ளிக்கொண்டு போவார்கள், அதற்குத் தனியாகப் பணம் கிடையாது. ஏடிஆரில் ஏறுவதற்குச் சில படிகள் இருக்கும், அதற்கும் உதவி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடமாட்டம் நன்றாக இருக்கும் பெரியவர்கள் என்றால் ரயிலே போதும். 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணச் சலுகை மட்டும் 2020 மார்ச்சில் நிறுத்தியது இன்னும் திரும்ப வரவில்லை. அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டிய வேலை. கப்பல் ஏஜென்சி, சுங்க வேலை என்று சென்னைத் துறைமுகத்துக்கும் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கும் நடுவே வேலை பார்க்கிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும்படி விமான நேரங்கள் அமைந்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஒரு முழுப் பகல் வேலை இருக்கிறது என்றால் போகும்போதும் வரும்போதும் முத்துநகரே மேல். காலை ஏழு முதல் இரவு எட்டு வரை ஊரில் இருக்கலாம், லாட்ஜ் செலவு இல்லை.

மற்ற வழிகள்

மதுரை வரை விமானம், அங்கிருந்து சாலை என்பது சிலருக்கு நல்ல யோசனை. சென்னையிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். விமானங்களும் அதிகம், அதனால் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம், கடைசி நேரத்தில் இடமும் கிடைக்கும். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே பெருங்குடியில் இருப்பதால் நகரத்துக்குள் நுழையாமலே தூத்துக்குடிச் சாலையைப் பிடித்துவிடலாம். ஆனால் அங்கிருந்து தூத்துக்குடிக்கு இன்னும் 130 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தூத்துக்குடி ஊருக்குள்ளேயே வீடு என்றால் இது வேண்டாம். அருப்புக்கோட்டை பக்கம் வீடு என்றால் வாகைக்குளத்தைவிட மதுரையே சௌகரியம். சாவு வீட்டுக்குப் போகும்போது நேரடி விமானத்தில் இடமில்லாமல் போனால் இதுதான் இரண்டாவது வழி.

வந்தே பாரத் பகல் ரயில். எக்மோரிலிருந்து திருநெல்வேலிக்கு 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். நாகர்கோவிலுக்கு 2024 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒன்று இருக்கிறது, அது விடிகாலையில் கிளம்புகிறது. வேகம், சுத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் தூத்துக்குடிக்கு நேராகப் போவதில்லை. திருநெல்வேலியில் இறங்கி இன்னும் 50 கிலோமீட்டர் போக வேண்டும். ஒரு பகல் முழுசாகப் போய்விடுகிறது. ராத்திரி ரயிலில் தூக்கமே வராது என்பவர்களுக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்களைப் பார்த்துக்கொண்டு போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் சரி.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளாம்பாக்கம் போக வேண்டும் என்றால் விமான நிலையத்தையும் தாண்டிப் போக வேண்டும். பஸ் ஏறுவதற்கே ஒன்றரை மணி நேரம் தெற்கே போய், பிறகு பத்து மணி நேரம் உட்கார்ந்து போவது எதற்கு? சூரப்பட்டுச் சுங்கச்சாவடிப் பக்கம் ஏற்றிக்கொள்ளும் ஆம்னி பஸ் கிடைத்தால், ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகராத சமயத்தில் மட்டும் யோசிக்கலாம்.

திருச்செந்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் வீட்டு வாசலுக்கே போகிறது. அவர்களுக்கு வாகைக்குளம் விமானத்தைவிட அது இன்னும் பல மடங்கு சௌகரியம்.

மழையும் புகையும்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் போகிறவர்கள் 2023 டிசம்பரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே மாதத்தில் இரண்டு ஊரும் மூழ்கின. 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் தண்ணீர் நின்று, மறுநாள் காலை வரை மூடிக்கிடந்தது. நம் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர், எண்ணூரில் எண்ணெய்க் கழிவு வேறு. இரண்டு வாரம் கழித்து 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பயணிகளோடு நின்றுவிட்டது. எந்த வண்டிக்கும் மழையிலிருந்து விலக்கு இல்லை. அந்த மாதங்களில் முக்கியமான காரியம் இருந்தால், எதில் போனாலும் ஒரு நாள் முன்னதாகப் போய்விடுவது நல்லது.

பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. போகி விடிகாலையில் பழசை எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்தால் விமானங்கள் இறங்க முடியாமல் தாமதமாகும். 2018 போகியன்று அப்படித்தான் பல விமானங்கள் ரத்தாயின. போகி காலை விமானத்துக்குப் பணம் கட்டவே வேண்டாம். முந்தின நாள் போங்கள், இல்லையென்றால் மதியத்துக்கு மேல் போங்கள்.

பணமும் பெட்டியும்

முத்துநகரில் ஸ்லீப்பர் 400 ரூபாய் வாக்கில், தேர்ட் ஏசி ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். விமானத்தில் முன்கூட்டியே எடுத்தாலும் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு ஆகலாம், பண்டிகை நெருங்கினால் அதற்கும் மேலே. தனியாளுக்குப் பரவாயில்லை. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பிள்ளை, நான்கு வயதுப் பிள்ளை என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும். விமானத்தில் இரண்டு வயது தாண்டினாலே முழு இருக்கைக்குக் கட்ட வேண்டும், நாலு டிக்கெட். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே பெர்த் வேண்டாம் என்றால் டிக்கெட்டே கிடையாது. தேர்ட் ஏசியில் போய்வரும் மொத்தச் செலவு, விமானத்தில் ஒரு பக்கம் போகும் செலவைவிடக் குறைவாக இருக்கும். மிச்சப் பணத்தில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாம்.

பெட்டி விஷயத்தில் ரயில்தான். உள்நாட்டு விமானத்தில் வழக்கமாகப் போடும் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு மூட்டை அரிசி, தேங்காய், கருப்பட்டி, கருவாடு, மக்ரூன் எல்லாம் வரும் என்று தெரிந்த குடும்பங்கள் விமானத்தில் திரும்ப டிக்கெட் எடுக்காமல் இருப்பது நல்லது. கொப்பரை விமானத்தில் அனுமதி இல்லை. ஊறுகாயைக் கையில் கொண்டுபோக விட மாட்டார்கள். கருவாட்டுக்கும் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். போகும்போது விமானம், வரும்போது ரயில் என்று கலந்து எடுப்பது பல குடும்பங்களுக்குச் சரியாக வரும். கொடைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், திரும்பும்போது அவசரமில்லை, சாமான் அதிகம் என்றால் அப்படியே செய்யுங்கள்.

கடைசியாக முன்பதிவு. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாள்தான். ஜனவரி 13ஆம் தேதி இரவு முத்துநகரில் போக வேண்டும் என்றால் நவம்பர் 14ஆம் தேதி காலை 8 மணிக்குத் திறக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்று காலை வீட்டில் இரண்டு போனில் பெயர், வயது எல்லாம் முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். லோயர் பெர்த் வேண்டியவர்களை ஒரு டிக்கெட்டில் தனியாகவும் மற்றவர்களை இன்னொன்றிலும் போட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எட்டரைக்குள் கிடைக்கவில்லை என்றால் வெயிட்டிங் லிஸ்டை நம்பிக் காத்திருக்காமல் அப்போதே 12ஆம் தேதி பகல் விமானத்தின் விலையைப் பாருங்கள். அந்த நேரத்தில் இருக்கும் விலைதான் பொங்கலுக்கு உங்களுக்குக் கிடைக்கப்போகும் குறைந்த விலை.